லூர்து அண்ணன் பார்த்த அம்பு

லூர்து அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ஆக்னெஸ் போனில் பேசினாள். "அங்கிள், அப்பா போயிட்டாரு. காலைல காப்பி கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. நிம்மதி. இனி அவர் யாரிடமும் எதையும் சொல்லமாட்டார் என்ற நிம்மதி. பையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் அது போய்விட்டது. இனி அவர் யாரிடமும் எதையும் சொல்லவே மாட்டார் என்ற பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவரை அறிந்த பங்கு மக்களுக்கு, முப்பதாம் நாள் பூசையை ஒட்டி நம் கோயில் அச்சடிக்கிற பங்கு மடலில் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று கேட்டவள் ஆக்னெஸ்தான். நல்லவர், வல்லவர், கோயிலுக்கு உழைத்தவர் என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த மாதிரி ஏற்கெனவே ஏழெட்டுப் பேருக்கு எழுதியிருக்கிறேன். எனக்குக் கை வந்த வேலை. ஆனால் அவள் இன்னொன்றும் கேட்டாள். "அப்பாவுக்கு ஒரு கண்ணு நாடகத்துல போச்சுன்னு தெரியும் அங்கிள். யார் கையால போச்சுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அம்மாவும் வாயே திறக்காது. நீங்க அங்க இருந்தீங்கல்ல, அதை எழுதுங்க." சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம்மில் பாதிப்பேருக்கு லூர்து அண்ணன் ஒயர் தூக்குகிறவராகத்தான் பழக்கம். ஜனவரி இருபதாம் தேதி செபஸ்தியார் தேர் வீதிக்கு வரும்போது, நுனியில் கவட்டை கட்டிய மூங்கில் கழியோடு முன்னால் போவார். கேபிள் ஒயர், இன்டர்நெட் ஒயர், வீட்டுக்காரர்கள் துணி காயப்போடக் கட்டிய கம்பி எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்து, தேரில் நிற்கிற செபஸ்தியார் சுரூபத்தின் தலையில் படாமல் தேரை அந்தப் பக்கம் அனுப்புவார். ஒற்றைக் கண்ணால் எந்த ஒயர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிகிறதோ என்று நான் பின்னால் நடுங்கிக்கொண்டே வருவேன். கரண்டு ஒயரில் கழி பட்டால் என்ன ஆவது? ஒரு வருடம் கேட்டேவிட்டேன். "பேஜார் ஆகாத சேவி. பயப்படுறவன் கைல கழியைக் கொடுத்தாத்தான் ஒயர் அறுந்து விழும்" என்றார். சேவியர் என்ற என் பெயர் அவர் வாயில் எப்போதும் சேவிதான்.

சுரூபத்தைத் துடைக்கிற வேலையும் அவருடையது. கொடியேற்றத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை செபஸ்தியாரை மாடத்திலிருந்து இறக்கி, உடம்பில் இருக்கும் வெள்ளி அம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புளி போட்டுத் தேய்ப்பார். நம் பெரியவர்கள் பிளேக்குக்குப் பயந்து கொண்டுவந்து வைத்த சுரூபம் அது. வியாதி என்பது கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிற அம்பு, அம்பைத் தாங்கியவர்தான் அதைத் தடுப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. உதவிக்குப் போகிற பெண்களிடம் அண்ணன் ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "இவர் எப்படிச் செத்தாரு, சொல்லுங்க பாப்போம்." அம்பு பட்டு என்பார்கள். அவருக்கு அது போதும். "செபஸ்தியார் அம்புல சாகல" என்று ஆரம்பித்துவிடுவார்.

ரோமாபுரி அரண்மனைக் காவலில் அதிகாரியாக இருந்தவர். சிறையில் கிடந்த கிறிஸ்தவர்களுக்கு யாருக்கும் தெரியாமல் தைரியம் சொன்னவர். பிடிபட்டார். சொந்தப் பட்டாளத்து வில்லாளிகளையே விட்டு மரத்தில் கட்டி எய்யச் சொன்னான் ராஜா. செத்துவிட்டார் என்று விட்டுப்போனார்கள். பிணத்தை எடுக்க வந்த ஐரீன் என்ற விதவை, மூச்சு இருப்பதைப் பார்த்து வீட்டுக்குக் கொண்டுபோய் மருந்து போட்டு எழுப்பினாள். அதற்குப் பிறகாவது ஊரைவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அரண்மனைப் படிக்கட்டில் போய் நின்றார். ராஜா வரும்போது முகத்துக்கு நேராக, நீ செய்வது அநியாயம் என்றார். அப்போதுதான் தடியால் அடித்துக் கொன்றார்கள். "அம்பு பட்டது பெருசில்ல. அம்பு விட்டவன் முன்னாடி திரும்பப் போய் நின்னான் பாரு, அதுக்குத்தான் அவன் புனிதன்" என்று அண்ணன் முடிப்பார். செபஸ்தியாரைப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி அவன் இவன் என்று பேசுவது அவருக்கு வழக்கம். பங்குச் சாமியார் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

நாடகத்தைப் பற்றி இனியும் தள்ளிப்போட முடியாது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்புவரை திருவிழா மாலையில் கோயில் மைதானத்தில் செபஸ்தியார் நாடகம் நடக்கும். அண்ணன்தான் செபஸ்தியார். ஒன்பது நாள் நவநாளும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருப்பார். வேடம் போட்டு உட்கார்ந்துவிட்டால், பெண்கள் வந்து அவர் காலைத் தொட்டு முத்தம் செய்வார்கள். எழுந்து ஓடவும் முடியாமல், கும்பிடாதீங்க என்று சொல்லவும் முடியாமல் நெளிவார். வில்லாளிகள் மூன்று பேர். வின்சென்ட், பீட்டர், நான். மூங்கில் வில், மூங்கில் அம்பு. கனம் வேண்டும் என்று நுனியில் சின்ன ஆணி. ஆணிமேல், அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா வேலை பார்த்த நர்சிங் ஹோமிலிருந்து கொண்டுவந்த ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடி. அவரவர் அம்பு தெரிய வால்பக்கம் நூல் சுற்றியிருப்போம். எனக்குப் பச்சை, வின்சென்டுக்கு மஞ்சள், பீட்டருக்கு நீலம்.

"எய்யுங்கள்" என்று ராஜா சொன்னதும் அண்ணன் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். அவர் தலைக்கு மேலே கட்டிய திரையில் எங்கள் அம்புகள் பட்டுக் கீழே விழும். உடனே விளக்கு அணையும். இருட்டில் நான் ஓடிப்போய் விழுந்த அம்புகளைப் பொறுக்க, இன்னொருவர் அவர் மார்பில் கட்டியிருக்கும் பட்டையில் பொய் அம்புகளைச் செருகுவார். விளக்கு வரும்போது செபஸ்தியார் அம்பு பட்டு நிற்பார். ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது. ஏழாவது வருடம் ராஜா சொன்னபோது அண்ணன் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏன் என்று பிறகு யாரோ கேட்டதற்கு, "செபஸ்தியார் தலையக் குனிஞ்சிருப்பான்னு எனக்குத் தோணல" என்றாராம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாண்கள் மூன்றும் அதற்குள் விரல்களை விட்டுப் போயிருந்தன.

அவர் கத்தவில்லை. முகத்தில் ரத்தம் வந்தது. ஜனங்கள் அதைச் சாயம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். முன்வரிசையில் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கை பின்னால் கட்டியிருந்ததால் கண்ணைப் பொத்தக்கூட அவரால் முடியவில்லை. பேசிவைத்தபடி விளக்கை அணைத்துவிட்டார்கள். அந்த இருட்டில் ஸ்டெல்லா அக்காவின் குரல் மட்டும் கேட்டது. "லைட் போடுங்க, இது நெஜம், லைட் போடுங்க." கைக்குழந்தையாக இருந்த ஆக்னெஸை யார் மடியிலோ போட்டுவிட்டு மேடைக்கு ஓடிவந்துகொண்டிருந்தார்.

இனி எழுதப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இருட்டில் என் வேலையை நான் செய்தேன். மண்டியிட்டு அம்புகளைப் பொறுக்கினேன். மூன்றாவதை எடுக்கும்போது என் விரலில் ஆணி குத்தியது. ரப்பர் மூடி கழன்ற அம்பு அதுதான். மேடையின் பின்பக்கம் வெளிச்சம் இருந்தது. அங்கே போய் உள்ளங்கையைத் திறந்து வால்பக்கத்தைப் பார்த்திருந்தால், பச்சையா மஞ்சளா நீலமா என்று தெரிந்திருக்கும். ஒரு நொடி வேலை. பச்சையாக இருந்துவிட்டால்? இந்த ஒரு கேள்விதான் மண்டைக்குள் இருந்தது. மூன்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் அன்னதானத்துக்குப் பிரியாணி வெந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனேன். மூன்றையும் அண்டாவுக்குக் கீழே எரிந்த விறகோடு தள்ளினேன். சமையல்காரர் என்ன என்றார். "வேஸ்ட் குச்சி குரு" என்றேன்.

அண்ணனுக்கு வலது கண் போயிற்று. பாக்டரியில் லேத் மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். இரும்பைக் கடைகிற வேலையை அவர் எவ்வளவு விரும்பினார் என்று அவரோடு டீ குடித்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலும் பிறகு பங்குப்பேரவையிலும் யார் விட்ட அம்பு என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியாது என்றோம். அம்புகளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அண்ணனைக் கேட்டார்கள். அவர் ஒருவர்தான் எங்களைப் பார்த்து நின்றவர். எந்த நாணிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. "செபஸ்தியார் எழுந்து போனப்போ எந்த வில்லாளின்னு தேடிட்டா போனான்? விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பீட்டர் கோயில் பக்கமே வரவில்லை. ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததாகச் சொல்லிக் குடும்பத்தோடு போய்விட்டான். வின்சென்ட் நேர்மாறு. அண்ணனைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தன் ஸ்கூட்டரில் அழைத்துப்போவதை வேலையாகவே எடுத்துக்கொண்டான். ஸ்கூட்டர் மூன்று மாறியது, அவன் மாறவில்லை. நான் இரண்டும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அண்ணன் எந்தப் பக்கம் உட்கார்கிறார் என்று பார்த்து, அவருடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவருக்குக் கண் தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒருமுறை, "கோயில் பொருள் ஒன்றை எரித்துவிட்டேன், சாமி" என்றேன். மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். அவ்வளவு மலிவாகத் தப்பித்ததில் எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மூன்றைத்தான் சொன்னேன்.

அடுத்த வருடம் நாடகம் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் கேட்கவில்லை. நிற்பேன் என்றார். "அதே மூணு பேர் வரணும். வேற யார் வில்லைத் தூக்கினாலும் நான் நிக்கமாட்டேன்" என்றார். பீட்டரைக் கூப்பிட அவரே பஸ் ஏறி ஹெப்பகோடிக்குப் போனார். பீட்டர் உள்ளே இருந்துகொண்டே, ஷிப்டுக்குப் போயிருக்கிறான் என்று அம்மாவை விட்டுச் சொல்லவைத்தான். கதவுக்குப் பக்கத்தில் அவன் செருப்பு கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாக அண்ணன் சொன்னார். ஆகவே வின்சென்டும் நானும் மட்டும் மேடை ஏறினோம். இந்தமுறை அம்பு நுனியில் ஆணி இல்லை, துணிப்பந்து. ஆனாலும் தொடுக்கும் முன் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன்.

ராஜா உத்தரவு கொடுத்தார். அண்ணன் தலையை நிமிர்த்தினார். ஒற்றைக் கண் எங்கள் பக்கம் திரும்பியது. அது என்னைப் பார்க்கிறதா, வின்சென்டைப் பார்க்கிறதா என்று எனக்குப் புரியவில்லை. அந்த மாதிரி பயம் அதற்கு முன்பும் பின்பும் எனக்கு வந்ததில்லை. நாணை இழுத்தேன் என்றுதான் நினைத்தேன்; அம்பு என் காலடியிலேயே விழுந்தது. வின்சென்டுடையது பக்கவாட்டில் போய் மேளக்காரர் மடியில் விழுந்தது. மைதானம் சிரித்தது. திரை விழுந்ததும் அண்ணன், "ரெண்டு பேரும் ராஜாகிட்ட சம்பளம் வாங்குறீங்களா, இல்ல செபஸ்தியார்கிட்டயா" என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதோடு நாடகம் நின்றுபோனது.

போன டிசம்பரில், நுரையீரல் கெட்டு அவர் வீட்டிலேயே படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். கிறிஸ்துமஸ் கேக்கை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தார். மூச்சு வாங்கியது. ஸ்டெல்லா அக்கா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு, "சேவி, எங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு உனக்கு ரொம்ப நாளா இருக்குல்ல?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே."

"கேக்குறதுன்னா இப்பவே கேட்டுடு. சொல்லிடறேன். ஏசுவாணை, எனக்கு யார்மேலயும் வருத்தம் இல்ல. தெரிஞ்சுக்கிட்டா உனக்கு நல்லதுன்னு தோணுது."

இருபத்தாறு வருடத்துக் கதவு, ஒரு வார்த்தை கேட்டால் திறந்துவிடும். நான் எழுந்து நின்றேன். "நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்து போகிற தூரம்தான் என்று அவருக்குத் தெரியும். "சரி, விடு. போயிட்டு வா" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அடக்கத்தன்று பீட்டர் வந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றான். வின்சென்டும் நானும் போய்க் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்று தலையாட்டினான்.

"எப்படிடா வருவேன். என் அம்புதானே அது" என்றான். "அவர் என்னத்தான் பாத்தாரு. நான் விட்டது நேரா போனதை நான் பாத்தேன். அக்கா முகத்துல முழிக்க முடியாமத்தான் ஊரையே விட்டுப் போனேன்."

வின்சென்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "லூசு மாதிரி பேசாத. அது என் அம்பு. அவர் பாத்தது என்னை. இத்தனை வருஷம் நான் எதுக்கு அவரை ஸ்கூட்டர்ல வெச்சு ஓட்டினேன்னு நெனச்ச?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர் பார்த்தது என்னை என்றுதான் நானும் இருபத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதையாவது சொல்லியிருக்கலாம். அடுப்பைப் பற்றியும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பெட்டி மூடப்போறாங்க, வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆக்னெஸ், நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. உன் அப்பாவின் கண்ணில் பட்டது யாருடைய அம்பு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இரண்டு முறை வழி இருந்தது. இரண்டு முறையும் பயந்து ஓடினேன். இந்தக் கடிதம் அச்சாகி வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எப்படி வருவது என்று இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வருவேன். அண்ணன் போய்விட்டார், மறைந்து உட்கார அவருடைய வலது பக்கமும் எனக்கு இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, கை கட்டப்பட்டு நின்றபடி எங்களைப் பார்த்த அந்தப் பார்வை. அதில் கோபம் இருந்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். இல்லை. மூன்று பேரையும் அவர் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறார். அதனால்தான் மூன்று பேரும் என்னைத்தான் என்று நினைத்தோம்.

வின்சென்ட், பீட்டர், உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் ஒருவராவது உங்களுடையது இல்லாத பாரத்தைச் சுமந்திருக்கிறீர்கள். அது யார் என்று சொல்லக்கூடிய அம்பு அன்று என் கையில் இருந்தது. அதை நெருப்பில் போட்டவன் நான்.